எண்ணெய்ச் சட்டி வைத்த தீபாவளி

அறுபதுகளில் அன்புவழிபுரத்தில் தீபாவளி என்றால் முதலில் எண்ணெய்தான் மணக்கும். முறுக்கு, வடை, சீனி அரியதரம். விடியப் புறத்தில் முழுகி, புதிது உடுத்து, கோயிலுக்குப் போய் வந்தால் மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி. நாலைந்து வீடுகள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளும். கோயிலில் நரகாசுரன் கதை சொல்வார்கள். மகன் செத்த நாளை எல்லாரும் கொண்டாட வேண்டும் என்று பெற்றவளே வரம் கேட்டாளாம். எந்தத் தாய் அப்படிக் கேட்பாள்? சின்ன வயதிலேயே நான் அதை நம்பியதில்லை.

செத்த வீட்டில் மட்டும் அந்த வருடம் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். அயலவர்கள் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நானும் எத்தனையோ வீடுகளுக்குத் தட்டம் தூக்கியிருக்கிறேன். வாங்குகிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

என் கணவர் குச்சவெளியில் தன் மச்சானின் வள்ளத்தில் கடலுக்குப் போய்வந்தவர். அந்த ஐப்பசியில் கடல் முந்திக்கொண்டு குழம்பிவிட்டது. போனவர்கள் மூன்று பேர். இரண்டு உடல்கள் கரை ஒதுங்கின. இவருடையது ஒதுங்கவில்லை. அன்றிலிருந்து தீபாவளிக்குப் பதினேழு நாட்கள். உடல் இல்லாததால் கிரியையும் நடக்கவில்லை. தாலி என் கழுத்தில் அப்படியே கிடந்தது. என்னைக் கண்டால் ஊரார் பாதி வசனத்தில் கதையை நிறுத்தினார்கள். பாவம் என்றும் சொல்ல முடியாமல், வந்துவிடுவார் என்றும் சொல்ல முடியாமல் அவர்கள் முழித்ததைப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவரைப் பெற்ற மாமி எங்களோடு இருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "அவன் நல்லா நீந்துவான் பிள்ளை. ஏதும் கப்பல்காரர் ஏத்திக்கொண்டு போயிருப்பினம்" என்பார். நான் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். பெற்றவளே நம்பும்போது எனக்கென்ன குறை?

அதனால் தீபாவளியன்று விடிய எழும்பிக் குசினியில் எண்ணெய்ச் சட்டியை வைத்தேன். யன்னல்களை எல்லாம் திறந்துவிட்டேன். மணம் வேலி தாண்டிப் போக வேண்டும், இது செத்த வீடு இல்லை என்று ஒழுங்கை முழுவதற்கும் தெரிய வேண்டும். மாமி பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ஈடு முறுக்கு எண்ணெயில் கிடந்தபோது முன் வீட்டு அக்கா படலையைத் திறந்தார். கையில் துணி மூடிய தட்டம். வாசலுக்கு வந்த பிறகுதான் மணம் பிடிபட்டிருக்க வேண்டும். அப்படியே நின்றுவிட்டார்.

நான் கரண்டியோடு வெளியே பாய்ந்தேன். "இஞ்ச ஒருத்தரும் சாகேல்லை அக்கா. நாங்களும் சுடுறம். கொண்டு போங்கோ!"

"தெரியாமல் வந்திட்டன் பிள்ளை, கோவிக்காதை" என்று அவர் திரும்பினார். அவர் அழுதார். அதுகூட எனக்கு அன்று பிடிக்கவில்லை.

"நில்லு பிள்ளை."

மாமியின் குரல். அக்காவைத்தான் கூப்பிட்டார். என்னைத் தாண்டிப் போய் இரண்டு கையாலும் தட்டத்தை வாங்கினார். துணியை விலக்கி ஒரு முறுக்கை எடுத்து, நின்ற நிலையிலேயே கடித்தார். அக்கா போகும்வரை மென்றுகொண்டிருந்தார்.

"அடுப்பை நூர்த்துவிடு" என்றார். "அவன் வரமாட்டான். எனக்கு அண்டைக்கே தெரியும். நீ தாங்கமாட்டாய் எண்டுதான் அப்பிடிச் சொன்னனான்."

உள்ளே முறுக்கு கருகிக்கொண்டிருந்தது. என் மூன்று வயது மகள் வந்து அந்தத் தட்டத்தில் கை வைத்தாள். நான் தடுக்கவில்லை.

பிறகு உடலுக்குப் பதிலாகத் தர்ப்பையில் உருவம் செய்து எரித்தோம். ஆண்டுத் திவசத்தை எந்தத் திதியில் செய்வது என்று ஐயர் கேட்டார். கடலுக்குப் போன நாளை வைப்போமா என்றார்.

"இல்லை ஐயா. நான் அந்தத் தட்டத்தை வாங்கின நாள்" என்றார் மாமி.

அது தீபாவளித் திதி. அன்றுமுதல் வருடா வருடம் ஊர் முழுக்க வெடி கொளுத்தும்போது நாங்கள் பிண்டம் வைத்தோம். மகள் வளர்ந்தது அப்படித்தான். மாமி மீது எனக்குத் தீராத கோபம். வேறு நாளா கிடைக்கவில்லை அந்த மனுசிக்கு?

மாமி செத்து இத்தனை வருடங்களாகிவிட்டன. திவசத்தை ஆடி அமாவாசைக்கு மாற்றலாம் அம்மா, தவறில்லை என்று ஐயர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். நான் மாற்றவில்லை. மாற்றினால் தீபாவளிக் காலையில் நான் மறுபடியும் எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டி வரும்.