பத்தரை அடி

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இங்கே ஒரு பெரியவர் நீளமான கோலோடு வந்து, கூடைப்பந்து வளையம் சரியாகப் பத்தடி உயரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார். போலந்தில் ஒரு சின்ன ஊர். இந்த ஊர் அணிக்குச் சம்பளத்துக்கு ஆடுகிறவள் நான். முதல் மூன்று மாதம் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்ததுதான் என் ஆட்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அளவுகோல் வளையத்தில் தட்டும் அந்தச் சின்னச் சத்தத்தில் எனக்கு எங்கள் ஊர் சங்கரன்கோவில் ஞாபகம் வரும். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

எங்கள் பள்ளியில் வளையத்தை ஒன்பதாம் வகுப்புச் சுவரில் பலகையோடு சேர்த்து போல்ட் போட்டு மாட்டியிருந்தார்கள். பின்தெருவில் தறிக்கு ஏற்றும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாடை வரும். தறிச்சத்தத்தின் தாளத்துக்குப் பந்தைத் தட்டிப் பழகினோம், நானும் கோமதியும். இரண்டு பேரின் அப்பாக்களும் ஒரே தறிக்கூடத்தில் வேலை. நான் உயரம், அவ்வளவுதான். ஆட்டக்காரி அவள். பத்து எறிந்தால் எட்டு விழும்.

அந்த வளையத்தை அளந்து மாட்டியவர் பி.டி. சார். பலகையின் அடி விளிம்பு வரைக்கும் பத்தடி அளந்தார். வளையமோ அதற்கு மேலே அரையடி தள்ளி இருந்தது. இது அப்போது எங்களுக்குத் தெரியாது. திருநெல்வேலியில் மாவட்டத் தேர்வு. கோமதி எறிந்த பத்துப் பந்தும் வளையத்தைத் தாண்டிப் பலகையில் மோதித் திரும்பின. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அன்றைக்குக் குதித்தபோது என் விரல் வலையில் பட்டது. எங்கள் பள்ளியில் ஒருநாளும் பட்டதில்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன்.

"சார், நம்ம ரிங்கு கூட உயரமா இருக்கு."

"ஏட்டி, கையெழுத்துப் போடத் தெரியாத வீட்டுல இருந்து வந்துட்டு எனக்கு அளவு சொல்லித் தாரியா? ஒங்க ரெண்டு பேருக்கும் இனிமே பந்து கிடையாது. போங்க, தறியில நூல் முடிங்க."

அதற்குப் பிறகு எங்களை எந்தத் தேர்வுக்கும் அவர் கூட்டிப் போகவில்லை. நான் வீட்டில் அழுது அடம்பிடித்து வேறு ஊர் விளையாட்டு விடுதியில் சேர்ந்தேன். என் கையைப் பத்தடிக்கு இறக்கவே ஒரு வருஷம் ஆனது. கோமதியை அவள் வீட்டில் அனுப்பவில்லை. அவள் தறிக்குப் போனாள்.

மன்னிப்பது பெரிய குணம் என்பார்கள். எனக்கு அந்தக் குணம் வாய்க்கவில்லை. போன விடுமுறையில் பள்ளியில் எனக்குப் பாராட்டு விழா என்றதும், முதலில் கோமதிக்குப் போன் செய்து அவளையும் வரச் சொன்னேன். பிறகு கடைக்குப் போய் இரும்பு டேப் ஒன்று வாங்கினேன்.

ஓய்வுபெற்ற சார் மேடையில் மைக்கைப் பிடித்தார். "நான் அளந்து மாட்டுன ரிங்குலதான் இந்தப் பிள்ள ஆடிப் படிச்சா!"

"எத்தனை அடி சார் அது?" என்றேன்.

"பத்தடி. ஒரு இஞ்சு பிசகாது."

"வாங்க, அளந்துருவோம்."

கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தேன். சார் சிரித்தார், வேடிக்கை என்று நினைத்து. வளையத்தை எப்போதோ கழற்றிவிட்டார்கள். ஆனால் வளையம் மாட்டிய போல்ட் ஓட்டைகள் சுவரில் துரு வடிந்தபடி இருந்தன. ஏணி வந்தது. கோமதியை ஏறச் சொன்னேன். கீழ் நுனியை நான் தரையோடு அழுத்திப் பிடித்தேன்.

"சத்தமா வாசிட்டி!"

"பத்தடி… ஆறு இஞ்சு!"

மைதானமே கேட்டது. சார் சால்வையைச் சரிசெய்தபடி, "பழசெல்லாம் இப்ப எதுக்கும்மா?" என்றார்.

"கையெழுத்துப் போடத் தெரியாத வீட்டுக்காரி அளந்துருக்கேன். சரியா இருக்கான்னு நீங்களே பாத்துக்கோங்க சார்."

அவர் ஏணிப் பக்கமே வரவில்லை. அந்த முகத்தைப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

கூட்டம் கலைந்தது. நாங்கள் ஆடிய இடத்தில் இப்போது பள்ளி வேன்கள் நிற்கின்றன. இரண்டு வேன்களுக்கு நடுவில் நின்றுகொண்டு கோமதி, "ஒரு தடவ போட்டுப் பாக்கேன்ட்டி" என்று வெறுங்கையால் எறிந்தாள். மணிக்கட்டு அழகாக மடங்கியது. பந்து இல்லை, வளையமும் இல்லை. ஆனால் அவள் கை குறிவைத்த உயரம் எனக்குத் தெரிந்தது.

பத்தரை அடி.