அண்ணியின் நகப்பூச்சும் நாலு பட்டனும்

வீட்டில் அவளை நோண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கண்டாலும் பிரித்துப் பார்க்கிற கை. அவள் அப்பா, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து நாலாவது தடவை இழுக்கிற மனுஷர். அவருடைய மூக்கு அண்ணனுக்குப் போனது; சந்தேகம் முழுசாக இவளுக்கு வந்து சேர்ந்தது.

கல்லூரிக் கடைசி வருஷத்துக்கு ஒரு பெட்டி செய்தாள். மேலே நாலு பெரிய பட்டன், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். திரையே இல்லாத விளையாட்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு, இடப்பக்கம் காலடிச் சத்தம் கேட்டால் இடது பட்டனை அமுக்க வேண்டும். இது தேறினால்தான் பட்டம். தேறாவிட்டால் இன்னொரு வருஷம். கைக்கு வந்த வேலையும் போய்விடும்.

கூட்டாளி, கொக்கு. சொந்த அத்தை மகன்தான், அப்பாவின் கடைசித் தங்கை பெற்ற இரண்டாவது பிள்ளை. ஒற்றைக்காலில் நின்றபடியே ஒயர் பற்றவைப்பான், அதனால் அந்தப் பேர். கொஞ்ச நாளாக அவன் அடுத்த குழுவின் மேசைப் பக்கமே சுற்றினான். இவளைக் கண்டால் பேச்சு நின்றுவிடும்.

"அங்க என்னடா குசுகுசுன்னு?"

"ஒண்ணுமில்லையே."

அது போதாதா இவளுக்கு?

பெட்டி லேப் அலமாரியில் இருக்கும்; சாவி இருவரிடமும் உண்டு. யார் கை வைத்தாலும் தெரியட்டும் என்று, அண்ணியின் சிவப்பு நகப்பூச்சைச் சொல்லாமல் எடுத்துவந்து, ஒவ்வொரு பட்டனின் வளையத்தைச் சுற்றியும் கோடு இழுத்தாள். திருகினால் கோடு விண்டுவிடும்.

மறுநாள் இடது பட்டன் அமுக்கினால் மெல்லத்தான் எழுந்தது. 'ஸ்பிரிங்கில கை வச்சுட்டான்' என்று இன்னொரு பூச்சு. இப்படியே இரண்டு வாரம், நாளுக்கு நாள் இன்னும் மெதுவாக எழுந்தது; இவளும் இன்னும் தடியாகப் பூசினாள். கோடு மட்டும் விண்டதேயில்லை. சரியான கைகாரன், தடயமே இல்லாமல் செய்கிறான் என்று பல்லைக் கடித்தாள்.

தேர்வு நாளில் ஆசிரியர் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து இடது பட்டனை அமுக்கினார். உள்ளே போன பட்டன் போனதுதான். ஸ்பீக்கர் 'கொய்ய்ங்' என்று விடாமல் அலறியது.

"இவன்தான் சார்! அந்தக் குழுவோட சேர்ந்து கெடுத்துட்டான்!"

கொக்கு பெட்டியைத் தன் பக்கம் இழுத்தான். வளையத்தைக் கழற்றி, பட்டனைத் திருப்பினான். உள்வரைக்கும் சிவப்பாக வழிந்து இறுகிக் கிடந்தது.

"பட்டனுக்குக் கல்யாணமா? இவ்வளவு அலங்காரம்?" என்றான்.

சட்டைப்பையிலிருந்து புதுப் பட்டன் ஒன்றை எடுத்து மாட்டினான். ஏதாவது பட்டன் கெட்டால் மாற்ற இருக்கட்டும் என்று, இவள் பூச ஆரம்பிக்கும் முன்பிருந்தே அடுத்த குழுவிடம் கெஞ்சி வாங்கியதாம்.

"ஒட்டுதுன்னு தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நான்தான் கெடுத்தேம்ப. மாமா வீட்டு ரத்தம் எனக்குத் தெரியாதா?"

"சண்டை முடிஞ்சா சொல்லுங்க, ஆடலாம்" என்றார் ஆசிரியர், கண்கட்டை அவிழ்க்காமலே. ஆடினார். பெட்டி தேறியது.

சாயங்காலம் பாட்டிலைப் பூனைபோல் எடுத்த இடத்தில் வைக்கப் போனாள். அண்ணி வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடியில், அளவுக்கு அவளே போட்டுவைத்த பொடிசான பேனாக் கோடு. அதற்குக் கீழே பாதி காலி.

"நீதானா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள் அண்ணி. "அந்த மனுஷன் யாருக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறாரோன்னு ரெண்டு வாரமா நான் உங்க அண்ணன்கிட்ட பேசவே இல்லையேடி!"