அவள் விட்டுக்கொடுத்த குளுக்கோஸ்

2005 கோடை. தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேப். பி.எஸ்ஸி. ஆர்கானிக் பிராக்டிகலில் எனக்கு அரியர். வளைகாப்பு முடிந்து மாடம்பாக்கத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்ததால்தான் பரீட்சைக்கே வர முடிந்தது. பிரசவத்துக்குப் பிறகு கணவரோடு வெளியூர் போய்விடுவேன். இந்த முறை விட்டால் டிகிரிக்கு முழுக்குத்தான்.

பிராக்டிகலில் முதலில் சீட்டு எடுக்கவேண்டும். அதில் வரும் நம்பர் போட்ட பாட்டிலில் இருப்பது என்னவென்று சோதித்துக் கண்டுபிடிக்கவேண்டும். குளுக்கோஸ் வந்தால் யோகம். வாசனையில்லாத வெள்ளைப் பொடி, டெஸ்டும் சுலபம். என் பாட்டிலைத் திறந்தேன். அழுகிய மீன் நாற்றம். அனிலின். கை நிறைய வளையல் குலுங்க ஓடிப்போய் சிங்க்கில் வாந்தி எடுத்தேன்.

"முடியலைன்னா அடுத்த செமஸ்டர் வந்து எழுதும்மா" என்றார் எக்ஸாமினர். எனக்கு ஏது அடுத்த செமஸ்டர்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்து மேஜைப் பெண் தன் பாட்டிலோடு வந்தாள். வேறு கல்லூரி, முன்பின் பார்த்ததில்லை. "சார், ரெண்டு பேருமே இன்னும் ஸ்டார்ட் பண்ணல. அந்த அக்காவோடத நான் எடுத்துக்கட்டுமா?"

எக்ஸாமினர் அவள் கையிலிருந்த வெள்ளைப் பொடியைப் பார்த்தார். "நீயும் அரியர்தானே? நல்ல சீட்டும்மா இது. யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன் சார்."

அவர் எங்கள் இருவர் தாளையும் அருகருகே வைத்து, பாட்டில் நம்பரை மாற்றிக் கையெழுத்துப் போட்டார்.

ஆசிட்டை டெஸ்ட் டியூபின் ஓரமாக விட்டதும் எனக்கு ஊதா வளையம் பளிச்சென்று நின்றது. குளுக்கோஸேதான். அவளோ மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு அனிலினோடு மல்லுக்கட்டினாள். ஐஸில் வைத்துச் செய்தால் சிவப்புச் சாயம் வரவேண்டும். அந்த வெயிலில் ஐஸ் உருகி, வந்தது சேற்று நிறம். மறுபடி ஆரம்பித்தாள். அதற்குள் எனக்கு வைவா கேள்விகளும் முடிந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். கால் வீங்கி நிற்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ரிசல்ட் வந்தபோது மடியில் மகள். பிரவுசிங் சென்டரிலிருந்து கணவர் போன் செய்து, "பாஸ்" என்றார். "இன்னொரு நம்பரும் பாருங்க" என்று, எக்ஸாமினர் கையெழுத்துப் போடும்போது தாளில் கண்ணில் பட்ட அவள் பதிவெண்ணைச் சொன்னேன். என் ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

"இதுவும் பாஸ்தான். யாரு இது?" என்றார். போனைப் பிடித்தபடியே அழுதேன்.

என் பதிவெண் எப்போதோ மறந்துவிட்டது. அவளுடையது மட்டும் இன்றும் மனப்பாடம். யாருக்காவது எதையாவது விட்டுக்கொடுக்க மனசு தயங்கும்போது, அந்த நம்பரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.