வேலாயுதம் சார் விற்காத புத்தகம்

வேலாயுதம் சார் காலமான செய்தி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அனுப்பியவர் எங்கள் துறைத்தலைவர். "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று எழுதியிருந்தார். அடுத்த செய்தியில், திங்கட்கிழமை அவருடைய வகுப்புகளை யார் எடுப்பது என்று கேட்டிருந்தார்.

சங்கரன்கோவில் கல்லூரியில் எங்களிடம் படித்த நீங்கள் பலரும் அவரை வள்ளல் என்று நினைத்திருக்கிறீர்கள். முதலாண்டுப் புள்ளியியல் பாடம் முழுவதையும் எழுதி, யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் போட்டவர் அல்லவா. அது கருணையால் நடந்ததல்ல. ஏளனத்தால் நடந்தது.

துறைத்தலைவர் எழுதிய கைடுக்கு ஆண்டுதோறும் புதிய பதிப்பு வரும். அதை மேசைமேல் வைக்காத மாணவருக்கு அசைன்மென்டில் கையெழுத்து கிடைக்காது. இளையரசனேந்தலிலிருந்து வந்த மாரிச்செல்வி, அக்காள் படித்த பழைய கைடோடு வந்து, வெளியே நிறுத்தப்பட்டாள். இன்டர்னல் மதிப்பெண் போனால் வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று வராந்தாவில் அழுதுகொண்டிருந்தாள்.

வேலாயுதம் சார் அவளைத் தன் பிரிவில் சேர்த்துக்கொண்டு, அவளுடைய பழைய கைடை வாங்கிவந்து, ஆசிரியர் அறையில் துறைத்தலைவர் உட்பட எல்லோர் முன்னாலும் புதியதோடு ஒப்பிட்டார். கணக்குகளின் வரிசை மாறியிருந்தது. ஒரு கணக்கில் மாம்பழ வியாபாரி எலுமிச்சை வியாபாரி ஆகியிருந்தார்.

"அண்ணாச்சி, பழத்தை மாத்திட்டீய. விடை தப்பா இருக்கே, அதை மாத்தலியே?"

"புளியங்குடிப் பிள்ளைகளுக்குப் புரியட்டும்னு மாத்தினேன் வே."

"அப்ப அடுத்த வருசம் திருவேங்கடத்துப் பிள்ளைகளுக்காகப் பருத்தி வருமாக்கும்."

அடுத்த ஆண்டு பருத்தி வந்தது. விடை அப்படியே இருந்தது.

அதற்குள் வேலாயுதம் சார் தன் பாடத்தை இணையத்தில் வெளியிட்டிருந்தார். பிழை கண்டுபிடிக்கும் மாணவரின் பெயரை அந்தப் பக்கத்திலேயே போடுவார். பிழை தேடுவதற்காகவே பிள்ளைகள் படித்தார்கள்.

"சும்மா குடுத்தா மதிக்க மாட்டானுவ வே" என்றார் துறைத்தலைவர்.

"காசுக்குக் குடுத்த உங்களை எப்படி மதிக்கானுவன்னு வராந்தாவுல நின்னு கேளுங்க அண்ணாச்சி."

போன வாரம் அஞ்சலிக் கூட்டம். துறைத்தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அறிவித்தார்: வேலாயுதத்தின் பாடங்கள் கெட்டி அட்டையில் நினைவுப் பதிப்பாக வரும். பதிப்பாசிரியர் தாமே. முதலாண்டு மாணவர்கள் கட்டாயம் வாங்க வேண்டும். நூலின் கண்ணியம் கருதி, இணையத்தில் இருப்பதை நீக்கிவிடலாம்.

பிறகு ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். அதில் எங்களுக்கு நல்ல பழக்கம் உண்டு.

இப்போது எங்கள் துறையில் பாடம் எடுக்கும் மாரிச்செல்வி மட்டும் உட்காரவில்லை.

"நீக்கிக்கிடுங்க சார். எங்க பிள்ளைக எல்லார் போன்லயும் இருக்கு. ஒவ்வொரு போனா வாங்கி நீக்கணும்."

"ஏம்மா, அஞ்சலிக் கூட்டத்துல பேசுத பேச்சா இது?"

"நீங்கதான சார் ஆரம்பிச்சீய."

நினைவுப் பதிப்பு பற்றி அதன்பின் பேச்சில்லை.

அவருடைய பொறுமை, எளிமை பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். அவரிடம் அவை இருந்ததாக எனக்கு நினைவில்லை. மோசமான புத்தகத்தைக் கண்டால் அவருக்கு வந்த எரிச்சலை நான் வைத்துக்கொள்கிறேன். இரண்டாம் ஆண்டுக்கு இன்னும் துறைத்தலைவரின் கைடுதான். அதற்கு மாற்றாக ஒரு பாடத்தின் முதல் அத்தியாயத்தை எழுதி மாரிச்செல்விக்கு அனுப்பினேன். பக்கமெல்லாம் சிவப்பாகத் திரும்பி வந்திருக்கிறது. பிழைகள் அத்தனையும் என்னுடையவை. திருத்திக்கொண்டிருக்கிறேன்.