அம்பலத்துக்குச் சிமிட்டி பூசிய வருடம்

ஊறிய சுண்ணாம்பில் கருப்பட்டியும் கடுக்காயும் சேர்ந்து புளிக்கும்போது ஒரு வாடை எழும்பும். இனிப்பும் துவர்ப்புமாய்த் தொண்டையில் போய் நிற்கும் அந்த வாடை, கோட்டாற்றில் வழிப்போக்கர் தங்கும் எங்கள் தெரு வழியம்பலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, சாரல் தொடங்குமுன் வரும். அம்பலத்துச் சுவருக்குப் பூசும் அந்தச் சாந்துக்கென்று வீட்டுக்கு ஒரு துண்டு கருப்பட்டி கொடுப்பது வழக்கம். கொடுக்காதவரைப் பார்த்து, “மழைக்கு ஒதுங்க இங்கதாம்வே வரணும்” என்று பெரியவர்கள் கேலி பேசுவார்கள்.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் கட்டடக் கான்ட்ராக்டராக நாகர்கோவிலில் என் கைபடாத தெரு கிடையாது. இன்ஜினீயர்களே என்னைக் கேட்டுவிட்டுத்தான் அஸ்திவாரம் தோண்டுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அப்படிப்பட்டவன் வளர்ந்தது அந்த அம்பலத்தின் பின்னறையில். அப்பா இறந்தபிறகு, வழிப்போக்கருக்கு மோரும் தண்ணீரும் கொடுத்து, கூட்டித் துடைத்து, விளக்கேற்றும் வேலையை அம்மை ஏற்றாள். அதற்கு ஈடாகத் தங்க இடம்.

ராஜா ஆட்சி போய் மந்திரி ஆட்சி வந்த புதிது. பாதையை அகலப்படுத்த அளக்க வந்த மலையாளச் சர்க்கார் ஓவர்சியர் கம்பால் சுவரைக் குத்தினார். காரை பொலபொலவென்று உதிர்ந்தது. “இது வீழும். மழைக்கு முன்னே ஒறப்பாக்கணும், இல்லெங்கில் பொளிச்சுக் களயும்” என்று மலையாளத்தில் சொல்லிப் போனார். பலப்படுத்தாவிட்டால் இடித்துவிடுவார்களாம். அன்று அம்மை உலை வைக்கவில்லை. “இதையும் விட்டா எங்கலே போவோம், மக்கா?” என்று எட்டு வயதுப் பயலான என்னைக் கேட்டாள்.

தெரு கூடியது. பலசரக்குக் கடைச் சங்கரலிங்கம் அண்ணாச்சி, தன் புது மாடிக்கென்று வாங்கியிருந்த சிமென்ட் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார்; எங்கள் வாயில் அது ‘சிமிட்டி’. “எம் மாடி அடுத்த வருசம் வளரட்டும். இன்னும் என்னவே கருப்பட்டியும் கடுக்காயும்? சுவருக்கா பாயசம் வைக்கப் போறிய? இது சீமைச் சரக்கு, கல்லா நிக்கும்” என்றார். அந்த ஆண்டு எந்த வீட்டிலிருந்தும் கருப்பட்டி வரவில்லை. ஆண்கள் பூச, பெண்கள் குடத்தில் தண்ணீர் சுமக்க, நான் மணல் சலித்தேன். சாம்பல் நிறத்தில், புதுப் பணக்காரன் வீடுபோல நின்ற சுவரை அம்மை தடவித் தடவிப் பார்த்தாள். மோர் குடிக்க வந்த சந்தைக்காரிகளிடமெல்லாம், “எம் வீட்டுச் சுவரைப் பாத்தியளா?” என்று பீற்றிக்கொண்டாள். அதுவரை ஒருநாளும் அவள் அதை ‘எம் வீடு’ என்று சொன்னதில்லை. ஓவர்சியரும் தட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆடிச் சாரலைத் தாங்கியது. ஐப்பசி அடைமழையில், ஓட்டிடுக்கு வழியே சுவருக்குள் இறங்கிய தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. சுண்ணாம்பாயிருந்தால் வேர்வைபோலக் கசியவிட்டு உலர்ந்திருக்கும். சிமிட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கல்லுக்கிடையில் வைத்த மண்ணெல்லாம் கூழாகியும் வெளியே ஒரு கீறல் இல்லை. ஒரு மத்தியானம், அம்மை கிணற்றடியில் குடம் கழுவிக்கொண்டிருக்கையில், மேற்குச் சுவர் முழங்கால் மடங்கிய மாடுபோல உட்கார்ந்தது. கூரை அதன்மேல் சரிந்தது. ஆளுக்குச் சேதமில்லை. கொட்டுகிற மழையில் நின்று அண்ணாச்சி, “நான்லா இடிச்சேன், நான்லா இடிச்சேன்” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். “நீங்க என்ன செய்விய அண்ணாச்சி, நல்லதுக்குத்தான செஞ்சிய” என்று அம்மைதான் அவரைத் தேற்றினாள்.

மிச்சத்தை அரசாங்கம் இடித்துப் பாதையாக்கியது. நாங்கள் யார் யார் வீட்டுத் தாழ்வாரத்திலோ கிடந்தோம். பின்னாளில் நான் கட்டிய வீட்டுக்குத் தேக்கிலே கதவும் தரையெல்லாம் சலவைக்கல்லும் போட்டேன், கண்டவர் வாய்பிளந்தார்கள். அம்மை சாகும்வரை அதை ‘உன் வீடு’ என்றுதான் சொன்னாள்.

இப்போது அங்கே அம்பலமும் இல்லை, கிணறும் இல்லை. அடுப்பு எங்கே இருந்தது, அம்மை பாய் விரித்தது எங்கே என்று எனக்கு மட்டும் தெரியும். போன வாரம் காரை ஓரமாய் நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் போய் நின்றேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹார்னை விடாமல் அழுத்தினான். “ஓய் பாட்டா, நடுரோட்டுல என்னத்த வே பாக்கீரு? ஒதுங்கும்!” என்றான்.

ஒதுங்கினேன்.