யேசுராஜுக்குக் கால் நாள் வந்த கதை

யேசுராஜ் சோம்பேறி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அவன் மனைவி கிருபாராணி என்னோடு சண்டைக்கு வருவாள். சோம்பேறியாக இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

ஓசூர் சிப்காட்டில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப் வேலை. தகட்டை அழுத்துகிற எந்திரத்தில் டை என்கிற அச்சு ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவான். டை மாறினால் பொருள் மாறும். காலையில் கதவுக் கொக்கி, மத்தியானம் சீட்டுத் தாங்கி. வருடக்கணக்கில் இதையே செய்தவனுக்கு உலகமே அப்படித்தான் ஓடுகிறது என்று தோன்றிவிட்டது. சர்க்கரைக்குப் பதில் வெல்லம், வெல்லத்துக்குப் பதில் தேன், செருப்பு, செல்போன், தலையணை, எதுவும் அவன் வீட்டில் நிலைக்காது. பெண்டாட்டி மட்டும் மாறவில்லை. அதற்குத் திருச்சபைச் சட்டம்தான் காரணம் என்று அவளே சொல்வாள்.

இப்படிப்பட்டவன் தலையில்தான் சப்பரம் வந்து விழுந்தது.

எங்கள் பங்குக் கோவிலில் அந்தோணியார் திருவிழாவுக்குச் சக்கரம் வைத்த தேர் கிடையாது. சப்பரம்தான், ஆள் தோளில்தான். முன்தண்டின் வலது முனை யேசுராஜின் அப்பாவுடையது. பெரியவருக்கு இடுப்பு விட்டுப்போனதால் போன வருடத்தோடு நிறுத்திக்கொண்டார். அப்பா விட்டால் மகனுக்கு. ஆனால் அதிலும் ஒரு கட்டு உண்டு. கோவில் வாசலில் தோளில் ஏற்றினால் ஊர்வலம் சுற்றி வந்து அதே வாசலில்தான் இறக்க வேண்டும். நடுவில் இன்னொருவன் தோளுக்குப் போனால் இடமும் அவனோடு போய்விடும். அவனாக விடுகிறவரை திரும்ப வராது.

அந்த இன்னொருவனாக இருக்க ஆசைப்பட்டவன் கிங்ஸ்டன், கிருபாராணியின் தங்கை புருஷன். வெளியே சொல்லமாட்டான். யேசுராஜின் தோளைப் பார்த்து லேசாகச் சிரிப்பான், அவ்வளவுதான்.

பொங்கல் முடிந்ததும் யேசுராஜ் பாகலூர் ரோட்டில் ஒரு ஜிம்மில் சேர்ந்தான். அங்கே மாஸ்டர் சுரேந்தர். தன் முதுகைத் தானே சொறிய முடியாத அளவுக்கு உடம்பு வளர்த்து வைத்திருக்கிறவன். ஒரு நாளைக்கு ஒரு பாகம் என்று அவன் சொன்னான்: திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, இப்படியே போய் ஞாயிறு கால். கம்பெனியில் ஆரோக்கிய வகுப்பு எடுக்க வந்தவர்கள், அரை நிமிடம் வெறி பிடித்த மாதிரி துள்ளி, கொஞ்சம் மூச்சு வாங்கி, மறுபடி துள்ளச் சொன்னார்கள். செல்போனில் ஒருவன் யோகாதான் எல்லாம் என்றான். யாரையும் புண்படுத்த யேசுராஜுக்கு மனமில்லை. ஷிஃப்ட் மாறுகிற மாதிரி பயிற்சியையும் மாற்றிக்கொண்டான். பகல் ஷிஃப்ட் வாரம் பளு, இரண்டாம் ஷிஃப்ட் வாரம் துள்ளல், நைட் ஷிஃப்ட் வாரம் யோகா. ஒரு வாரத்தில் கொஞ்சம் ஏறுகிற பலம், பளு திரும்பி வருவதற்குள் பாதி இறங்கிவிடும். டை மாட்டிய இடத்தில் வேறு டை வந்துவிட்டது, வேறென்ன ஆகும்?

தோள்வலிக்குத் தைலம் கேட்டு அடுத்த வீட்டுக்காரியான என்னிடம் வந்தபோதுதான் இந்தப் பஞ்சாங்கம் முழுவதும் எனக்குத் தெரிந்தது.

"எதுக்குடா இதெல்லாம் பண்ற?"

"பிட்னஸுக்கு, ஆன்ட்டி."

"எதுக்குப் பிட்னஸு? ரேஸ் ஓடப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?"

"சப்பரம் தூக்கத்தான்."

"அப்ப தோள்ல பாரத்த வச்சுக்கிட்டு நட. மொதல்ல வெறுங்கையோட நடந்து ஒடம்பச் சூடு பண்ணிக்க. அப்புறம் சாக்குல கொஞ்சம் மண்ணு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். ஒடம்பு தாங்கிச்சுன்னா கொஞ்சம் கூட்டு, தாங்கலன்னா அப்படியே வுடு. முடிக்கிறப்ப மெதுவா நடந்து மூச்ச அடக்கு. திருவிழாவுக்கு முந்தின வாரம் கொறச்சுக்க."

"அவ்ளோதானா?" அவன் முகத்தில் ஏமாற்றம். முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி இறக்கியே வயதானவள் நான்; பெரிதாக ஏதோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கிறான்.

"அவ்ளோதான்."

"இல்ல ஆன்ட்டி. மசிலக் கொழப்பணும். ஒரே மாதிரி பண்ணா ஒடம்பு பழகிப் போயிடும்."

"பழகறதுக்குத்தான்டா பண்றது."

தைலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் பிளம் கேக்கோடு கிங்ஸ்டன் வந்தான். எல்லாம் கிருபாராணி மூலம் தங்கைக்குப் போய், தங்கை மூலம் அவனுக்குப் போயிருக்கிறது. நான் அவனுக்கும் அதையேதான் சொன்னேன். கேக்குக்காகக் கூடுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவன் அன்று சாயங்காலமே ஏரிக்கரையில் மண் சாக்கோடு நடக்க ஆரம்பித்துவிட்டான். கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்தார்கள். யேசுராஜ் வண்டியை நிறுத்தியே சிரித்தான்.

"என்ன சகல, வீடு கட்டறியா?"

"ஆமா சகல. அஸ்திவாரம் மட்டும்."

யேசுராஜின் அஸ்திவாரமோ ஞாயிற்றுக்கிழமையில் மாட்டிக்கொண்டிருந்தது. கால் நாள் ஞாயிறு. ஞாயிறு காலையில் பூசை, பூசை முடிந்தால் பிரியாணி, பிரியாணி முடிந்தால் தூக்கம். மாதக்கணக்கில் மேல்பாதி மட்டும் ஊதிக்கொண்டே வந்தது. சட்டை கை நுழையாமல் கிருபாராணி தையல் பிரித்தாள். "கோழிக் கால்ல பீரோவ நிக்க வச்ச மாதிரி இருக்கீங்க" என்றாள். அவன் பொறாமை என்று எடுத்துக்கொண்டான்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் சப்பரம் தூக்குகிறவர்களை வைத்து தனிஸ்லாஸ் அண்ணன் வெறும் தண்டோடு ஒத்திகை பார்த்தார். ஊர்வலத்துக்குத் தலைவர் அவர்தான். யேசுராஜைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மேல நல்லாத்தான் இருக்குது. முட்டிதான் ஆடுது" என்றார். பின்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கிங்ஸ்டன் இருமினான்.

அதற்குப் பிறகு யேசுராஜுக்குக் கால்களைத் தவிர வேறு நினைப்பு இல்லை. திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு சுரேந்தரிடம் ஓடினான். "பாக்கி இருக்கற கால் நாளையெல்லாம் இன்னைக்கே அடிச்சிடலாம்ணா" என்றான் அந்த மேதை. தோளில் இரும்பு வைத்து உட்கார்ந்து எழுந்து, தவளைபோல் தாவி, படி ஏறி இறங்கி, விளக்கு அணைக்கிறவரை நடந்தது. மறுநாள் காலை என் வாசலுக்கு வந்து தோப்புக்கரணம் போட்டுக் காட்டினான்.

"பாத்தீங்களா ஆன்ட்டி? ஒன்னும் ஆவல."

"நாளைக்கு வந்து போடு, பாக்கறேன்."

திருவிழா அன்று கிருபாராணிதான் ஓடி வந்தாள். "பாத்ரூம்ல உக்காந்த மனுசன் எந்திரிக்க முடியலைங்கறாரு. வந்து பாருங்க ஆன்ட்டி." இரண்டு பேரும் கையைப் பிடித்துத் தூக்கி வெளியே கொண்டுவந்தோம். தொடை கல்லாகக் கிடந்தது. வீக்கம் இல்லை. "ஒன்னுக்கு என்ன கலர்ல போச்சு?" என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு, வழக்கம்போலத்தான் என்றான். டிகாக்‌ஷன் நிறத்தில் போயிருந்தால் தசை கரைந்து கிட்னிக்குப் போகிறது என்று அர்த்தம், நேராக ஆஸ்பத்திரிதான். அந்த அளவுக்கு இல்லை.

"சாகமாட்ட. தண்ணி குடி. வீட்டுக்குள்ளயே மெதுவா நட. ரெண்டு மூணு நாள்ல விட்டுடும்."

"சாயங்காலம் தூக்கலாமில்ல?"

"தூக்கலாம். படிதான் எறங்க முடியாது."

அவன் கேட்கவில்லை. சாயங்காலம் மாலை போட்டுக்கொண்டு முன்தண்டில் நின்றான். உண்மையைச் சொல்ல வேண்டும், தூக்கியது நன்றாகவே தூக்கினான். வாத்தியம் கிளம்பியது, அப்பா நாற்காலியில் இருந்து கை எடுத்துக் கும்பிட்டார். கோவில் படியில் முதல் கால் வைத்ததும் தொடை மடங்கியது. அந்தோணியார் வலது பக்கமாகச் சாய்ந்து, யாரிடமோ ரகசியம் கேட்கிறவர் மாதிரி நின்றார். பெண்கள் அலறினார்கள். கிங்ஸ்டன் எங்கிருந்து வந்தான் என்று தெரியவில்லை, தோள் மட்டும் சரியான இடத்தில் இருந்தது.

"கை மாத்து!" என்றார் தனிஸ்லாஸ் அண்ணன்.

கோவில் கேட்டைத் தாண்டுவதற்குள் முனை போய்விட்டது. பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சும்மா விடக்கூடாது என்று யேசுராஜ் கையில் ஒரு கவைக்கம்பைக் கொடுத்தார்கள். தெருவில் தொங்குகிற கேபிள் ஒயரைத் தூக்கிப் பிடித்துச் சப்பரத்துக்கு வழி விடுகிற வேலை. தோளுக்கு அவ்வளவு பயிற்சி இருந்ததல்லவா, ஒயரை அருமையாகத் தூக்கினான். ஒரு ஒயரிலிருந்து அடுத்த ஒயருக்கு நடந்து வருவதுதான் பாடு. ஒவ்வொரு ஒயரிலும் புனிதர் நின்று அவனுக்காகக் காத்திருந்தார். பேண்டுக்காரர்கள் தெரிந்த பாட்டையெல்லாம் வாசித்து முடித்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

வலி போனபின் ஒரு மாதம் சகலையின் வீட்டுப் பக்கமே தலை வைக்கவில்லை. பிறகு ஒரு நாள், கிங்ஸ்டன் வீட்டில் நானும் இருந்தபோது, சிரித்த முகமாக வந்தான். கையில் ஒரு வருட ஜிம் கார்டு.

"உனக்குத்தான் சகல. சுரேந்தர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன். வாரத்துக்கு ஒன்னு மாத்தி மாத்திச் செய்யி. கால மட்டும் கடைசில வச்சுக்க, திருவிழா சமயத்துல மொத்தமா பாத்துக்கலாம்."

கிங்ஸ்டன் என்னைப் பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன். அவன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கையை மடக்கி, புஜத்தைத் தானே ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டான்.

"அங்க கண்ணாடி இருக்குமா சகல?"

"நாலு பக்கமும் இருக்குது" என்றான் யேசுராஜ்.