நானூறு வருசத்துப் பப்பும் மார்க்கண்டற்றை தவறணையும்

அச்சுவேலிக் கள்ளுத் தவறணையிலை முப்பது வருசமா ஊத்துற மார்க்கண்டருக்கு ஒரு பெருமை இருந்தது. வாற ஆளிட்டை என்ன வேணும் எண்டு கேக்கமாட்டார். முகத்தைப் பாத்தே பனையோ தென்னையோ, இனிப்போ புளிப்போ, கள்ளு முட்டியைச் சரிச்சு ஓலைப் பிளாவிலை ஊத்திப்போடுவார். ஒருநாளும் பிழைச்சதில்லை.

அண்டைக்குப் பிழைச்சுப்போச்சு. பனங்கள்ளைத் தவிர வேறை ஒண்டும் தொடாத நேசையா வாத்தியாருக்குத் தென்னங்கள்ளை ஊத்திப்போட்டார்.

"என்ன மார்க்கண்டு, கண் எங்கை போகுது?" எண்டார் வாத்தியார்.

வேறை எங்கை போகும்? வேப்பமரத்துக்குக் கீழை கஜீவன் இருந்தான். மார்க்கண்டற்றை சித்தப்பா மகன். பத்து வருசத்துக்கு முந்தி லண்டனுக்குப் போனவன், இப்ப அங்காலை ஒரு கிராமத்திலை பழைய பப் ஒண்டை எடுத்து நடத்துறானாம். நானூறு வருசப் பழசாம். போனிலை படம் காட்டுறான், குடிக்க வந்த சனம் முழுக்கப் பிளாவும் கையுமா அவனைச் சுத்தி நிக்குது. ஊத்துற மனிசனை ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. மார்க்கண்டருக்கு வயிறு பத்தி எரிஞ்சுது.

"அண்ணை, நீங்களும் வந்து பாருங்கோவன்," எண்டு கூப்பிட்டான் கஜீவன்.

போகாமல் இருந்திருக்கலாம். மனம் விட்டால்தானே!

போன் படத்திலை கறுத்த மரத்தூண், விறகு எரியிற கல்லடுப்பு, நாயோடை வந்து குந்தியிருக்கிற வெள்ளைக்காரர். நல்ல இடந்தான். அதுதான் இன்னும் எரிச்சல். அந்தப் பப் சுவரிலை பெரிய படம் ஒண்டு. பாத்தால், இந்தத் தவறணை! முட்டியைத் தூக்கிப் பிடிச்சபடி கஜீவன் நிக்கிறான். பயணம் வெளிக்கிட முதல்நாள், பகிடிக்கு மார்க்கண்டற்றை கையிலிருந்து பறிச்ச முட்டி. அந்தப் படத்தை எடுத்ததே மார்க்கண்டர்தான்.

"கீழை என்ன எழுதிக் கிடக்கு, வாத்தியார்?"

நேசையா கண்ணாடியை ஏத்திவிட்டு வாசிச்சார். "இந்தக் கடை முதலாளி யாழ்ப்பாணத்திலை கள்ளு ஊத்தின இடம் எண்டு கிடக்கு."

கஜீவன் சிரிச்சான். "அங்கத்தைச் சனத்துக்கு ஒரு கதை வேணும் அண்ணை. சும்மா எழுதினது."

சும்மாவோ! உவன் ஒரு பிளா ஊத்தியிருப்பானோ? பன்னாடையிலை கள்ளு வடிக்கத் தெரியுமோ உவனுக்கு? மார்க்கண்டர் கையிலை இருந்த முட்டியை நிலத்திலை வைச்சார்.

"டேய், அங்கை உனக்கு நானூறு வருசம் கிடக்கு. என்ரை முப்பதையாவது எனக்கு விடனடா."